ஜோடி சேர்ந்த ஜிமிக்கி

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே 23 காதணிகள். எல்லாமே ஒற்றை. எல்லாமே நான் மண்ணில் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி இருந்தது. காயும்போதோ நெருப்பிலோ அது போய்விட்டது. ஒன்றைக்கூட நான் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் சின்னதாக ஒரு எண் கீறியிருப்பேன். அந்த எண்ணுக்கு நேரே நோட்டில் எடை, காயவைத்த நாட்கள், எப்படி உடைந்தது எல்லாம் எழுதியிருக்கும். முதல் ஜோடி முழுசாகக் கைக்கு வர எனக்கு ஏழு மாதம் ஆனது.

நான் மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். மாதாமாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் எங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாட்கள். அதற்கு முந்தைய மூன்று நாள் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. நகை செய்கிற குடும்பமும் இல்லை, ஓவியம் படித்தவளும் இல்லை.

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்தக் கோடை லீவில் மகளையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். தந்தச் சீப்பு, தாயக்கட்டை, தக்களி என்று வேகமாகப் பார்த்துக்கொண்டே வந்த மகள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். சுடுமண் காதணி. கிணற்றுக் கப்பி மாதிரி, சுற்றிலும் பள்ளம் விழுந்த ஒரு வட்டு. கொக்கி இல்லை, திருகாணி இல்லை. “அம்மா, இது எப்படிக் காதுல நிக்கும்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அத்தைதான் சொன்னார்: “எங்கம்மா காதைப் பாத்திருந்தா நீ கேட்டிருக்க மாட்ட, கண்ணு. தண்டட்டி போட்ட காது. ஓட்டைக்குள்ள ரெண்டு விரல் போகும். அந்தக் காதுக்கு இது சரியா உக்காரும்.” தண்டட்டிக்கு மேலேதான் தங்கத் தகடு, உள்ளே அரக்கு என்பதையும் அன்றைக்குத்தான் அவர் சொல்லிக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அந்த வட்டு கண்ணிலேயே நின்றது. 2,000 வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் அது மண்ணாகவில்லை. யாரோ ஒருவர் உருட்டி, காயவைத்து, சுட்டு, காதில் போட்டுப் பார்த்திருக்கிறார். எனக்கும் அப்படி ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. இத்தனை வயதில் இப்படி ஒரு ஆசை வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கைவினைப் பொருள் கடையில் ஒரு கிலோ களிமண் பாக்கெட் வாங்கினேன். நாலு தோடு செய்து, இரண்டு நாள் வெயிலில் வைத்து, தோசைக்கல்லில் ஒரு மணி நேரம் சூடாக்கி, அக்ரிலிக் வண்ணமும் அடித்தேன். அழகாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்து மகள் முகம் கழுவும்போது ஒன்று கழன்று வாஷ்பேசினில் விழுந்தது. எடுத்தபோது விரலில் வழுவழுவென்று கரைந்தது. வண்ணம் மட்டும் தோலாகத் தனியே வந்தது.

ஏன் என்று தேடிப் படித்தேன். களிமண்ணில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. பிசைவதற்கு நாம் ஊற்றிய தண்ணீர் காய்ந்தும், 100 டிகிரிக்குள் ஆவியாகியும் போய்விடும். மண் துகளின் கட்டமைப்பிலேயே பிணைந்திருக்கும் தண்ணீர் சுமார் 500, 600 டிகிரிக்குப் போனால்தான் வெளியேறும். அது போன பிறகுதான் மண் திரும்பவும் சேறாக முடியாத பொருளாகிறது. தோசைக்கல் அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போகாது.

சரி, தெரிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் பக்கம் போகிற பாசஞ்சரில் ஏறி மானாமதுரையில் இறங்கினேன். கடம் செய்கிற ஊர், பானைக்கும் பேர்போன ஊர். விசாரித்துக்கொண்டே போய் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். நான் கொண்டுபோன பாக்கெட் மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

“ரொம்ப மாவா இருக்கு தாயி. கொஞ்சம் நைஸ் மணல் சேரணும். இல்லேன்னா காயிறப்ப இழுத்துக்கும்.”

“எவ்வளவு நாள் காயணும் ஐயா?”

“நாள் கணக்கு எதுக்கு? கன்னத்துல வச்சுப் பாரு. ஜில்லுன்னு இருந்தா உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். வெயில்ல வைக்காத, நிழல்ல வை.”

கண்மாய் மண்ணில் பிசைந்து வைத்திருந்ததில் ஐந்து கிலோ கொடுத்தார். ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன்.

அது ஆடி மாதம். நிழலில்தான் வைத்தேன், ஆனால் மொட்டை மாடிக் கதவு வழியாக வந்த காற்று ஒரு பக்கத்தை மட்டும் காயவைத்துவிட்டது. காய்ந்த பக்கம் சுருங்கும், ஈரமான பக்கம் சுருங்காது. நடுவில் முடி மாதிரி ஒரு விரிசல். அதற்கப்புறம் மூடி போட்ட டப்பாவுக்குள் நியூஸ் பேப்பர் விரித்து, முதல் இரண்டு நாள் மூடியும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தும் வைக்கப் பழகினேன்.

அடுத்தது ஜிமிக்கியின் குடை. கோலிக்குண்டின் மேல் மண்ணை அழுத்தி அப்படியே காயவிட்டேன். மண் சுருங்கும், கண்ணாடி சுருங்காது. ஆறு குடையும் உச்சியிலிருந்து விளிம்பு வரை பிளந்தன. ஈரத்தில் 20 மில்லிமீட்டர் இருக்கும் வட்டம் சுட்டு முடிக்கும்போது கிட்டத்தட்ட 18 ஆகிவிடும் என்பது அதற்கப்புறம்தான் அளந்து பார்த்துத் தெரிந்தது.

தீபாவளிக்கு முன்னால் நடந்ததுதான் பெரிய இழப்பு. ஐப்பசி மழை. டப்பாவைத் திறந்து வைத்தாலும் காயவே இல்லை. அலுவலகத் தோழி ஒருத்திக்குத் தீபாவளிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அது தெரிந்தும் சுட்டேன். பத்து நிமிஷத்தில் பானைக்குள் டப், டப் என்று சத்தம். உள்ளே நின்ற ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணையே உடைத்துக்கொண்டு வந்தது. 14 போட்டதில் ஐந்து மிஞ்சின. ஐந்தும் வேறு வேறு ஜோடியைச் சேர்ந்தவை. அன்றைக்கு ராத்திரி அந்த ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிஸ்கட் டின் அன்றைக்குத்தான் வந்தது.

இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். சின்ன டிஜிட்டல் தராசில் 7 கிராம் மண் நிறுத்து உருண்டை பிடிப்பேன். பலகையில் இரண்டு ஐஸ்கிரீம் குச்சியை இரண்டு பக்கமும் வைத்து, நடுவில் உருண்டையை வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்தால் கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும். கோலிக்குண்டைப் பால் கவரில் சுற்றி, அதன்மேல் வட்டத்தைப் போர்த்தி, உள்ளங்கையால் மெதுவாக அணைத்துக் குடையாக்குவேன். விளிம்பை நூலால் வெட்டுவேன். அரை மணி நேரத்தில் மண் விறைக்கத் தொடங்கும். அந்தப் பதத்தில் கோலியைத் திருகி எடுத்துவிட வேண்டும். உச்சியில் கொக்கி மாட்ட ஒரு வளையம் வேண்டும். சாதாரணக் கம்பி நெருப்பில் செதில் செதிலாக உதிர்ந்துவிடுகிறது. மின்சாதனம் பழுதுபார்க்கும் கடையில் கேட்டபோது ஹீட்டர் காயிலில் இருக்கும் நிக்ரோம் கம்பியைக் கொடுத்தார்கள். சூடாவதற்கென்றே செய்த கம்பி, அதனால் நிற்கிறது. அப்புறம் கடுகை விடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள் 24. களிமண் குழம்பைத் தூரிகையில் தொட்டு விளிம்பைச் சுற்றி ஒட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் தீர்ந்துபோன ரீஃபில் முனையால் ஒரு குத்து. 24-வது உருண்டை முதல் உருண்டையின் பக்கத்தில் இடைவெளி இல்லாமல் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு மனசு நிறைந்துவிடும்.

இது முதல் ஜிமிக்கி. கை போகிற போக்கில் போகலாம். இரண்டாவதில் அந்த வசதி கிடையாது. எவ்வளவு அழுத்தினேன், குடை எந்த இடத்தில் விரிந்தது, குத்து எவ்வளவு ஆழம் என்று முதலாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் இந்த இரண்டாவது எனக்குப் பெரிய சலிப்பாக இருந்தது. “உங்களுக்கு எப்படி ஐடியா வருது?” என்று கேட்கிறவர்களிடம் இப்போது இந்த இரண்டாவதைத்தான் சொல்கிறேன். முதலாவதைச் செய்யும்போது நான் மண்ணைப் பார்க்கவே இல்லை, மனதில் இருந்ததைத்தான் பார்த்தேன். ஜோடி செய்ய உட்காரும்போதுதான் குடை கொஞ்சம் தாழ்ந்திருந்தால் நன்றாக இருக்குமே, உருண்டை 24-க்குப் பதில் 20 போதுமே என்று தெரிகிறது. ஆனால் அதை இரண்டாவதில் செய்ய முடியாது, அது முதலாவதைப் போலத்தான் இருக்க வேண்டும். அதனால் நோட்டில் எழுதிவைத்துவிட்டு, மூன்றாவதில் செய்து பார்ப்பேன். என்னுடைய புது டிசைன் எல்லாம் மூன்றாவதாகப் பிறந்தவைதான்.

இதே மாதிரி தினமும் ஒரே வேலையைத்தான் செய்கிறேன். காலையில் அதே இட்லி மாவு, அலுவலகத்தில் அதே லெட்ஜர். முன்பு அது கனமாக இருந்தது. இப்போது இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போதுகூட ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் அளவு பார்க்கிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

விற்கலாமே என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பிரியத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் எனக்கு ஏற்கெனவே இருக்கின்றன. தோழிக்கு ஒரு தேதி சொன்னதால்தான் ஐப்பசியில் ஈரத்தோடு சுட்டேன். மண் காய்கிற நாளை நான் யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்.

தை மாதம் காற்று அடங்கி, மழையும் விட்டு, காய்வதற்கு நல்ல பருவம். எட்டு ஜோடி, 16 உருப்படி. 12 நாள் காயவைத்தேன். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தையும் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீடுகளில் சொல்லி மாடியில் காயும் துணிகளை எடுக்கச் சொன்னேன். மூன்று செங்கல், அதன்மேல் அடியில் ஓட்டை உள்ள பழைய பூந்தொட்டி, உள்ளே நகைகள், மேலே ஓட்டுத் துண்டுகளால் மூடி. சுற்றிலும் உமி, கொட்டாங்குச்சி, 40 வறட்டி. போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தோசைக்கல்லில் மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். தோசைக்கல்லுக்கு ஏற்ற வேலை இதுதான்.

நெருப்பை நான் மூட்டவில்லை, அத்தைதான் மூட்டினார். வறட்டி அடுப்பில் சமைத்து வளர்ந்தவர். நான் நாலு பக்கமும் பற்றவைக்கப் போனேன். “ஏத்தா, பொறு. ஒரு பக்கம் மட்டும் பிடிக்கட்டும். முதல்ல புகைஞ்சுக்கிட்டே இருக்கட்டும்” என்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு முறத்துடன் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் ஒரு மணி நேரம் வெறும் புகை. இரண்டாவது மணி நேரத்தில் வறட்டியை நெருக்கினார். மூன்றாவது மணி நேரத்தில் ஓட்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன், உள்ளே எல்லாம் மங்கிய சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. டப் என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் சத்தம் வரவில்லை. சாயங்காலம் திறக்கலாமா என்று கேட்டேன். “விடியட்டும்” என்றார்.

காலை ஐந்து மணிக்கு டார்ச் லைட்டோடு மாடிக்குப் போனேன். சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சுண்டினேன். ணங் என்றது. 15 முழுசாக வந்திருந்தன. ஏழு ஜோடி. டம்ளர் தண்ணீரில் ஒரு ஜோடியைப் போட்டு அரை மணி நேரம் விட்டேன், கரையவில்லை. எடை போட்டேன். ஒன்று 5.1 கிராம், இன்னொன்று 5.0.

எல்லாம் செங்கல் நிறம், ஒரு ஜோடியைத் தவிர. காற்றுப்பட்ட இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். புகை சூழ்ந்து காற்று கிடைக்காத இடம் கருக்கும். அந்த ஜோடியில் ஒரு ஜிமிக்கி முழுச் சிவப்பு, இன்னொன்றின் அடிப் பாதி நல்ல கருப்பு. கீழடியில் பார்த்த கருப்பு-சிவப்புப் பானை ஓடு ஞாபகம் வந்தது. வடிவத்தில் அவ்வளவு கவனமாக ஒரே மாதிரி செய்ததை நெருப்பு வேறாக்கிவிட்டதே என்று அதை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். இன்னொரு தடவை சுட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அத்தை குளித்துவிட்டு வந்து, ஏழு ஜோடியையும் பார்த்தார். தனியாக வைத்திருந்ததைத்தான் எடுத்தார். தன் கல்தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கொக்கியை மாட்டிக்கொண்டார். கண்ணாடி கேட்கவில்லை. தலையை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார்.

“கனமே இல்ல. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா மண்ணுலயே போட்டிருப்பா.”

“இதைத் திரும்பச் சுட்டுத் தர்றேன் அத்தை. ஒண்ணு கருப்பா இருக்கு.”

“இது இப்படியே இருக்கட்டும்.”

ஜோடி இல்லாமல் வந்த பதினைந்தாவதின் பின்னால் எண் கீறியிருந்தது. நோட்டில் அதற்கு நேரே எடையையும், எத்தனையாவது மணி நேரத்தில் சத்தம் கேட்டது என்பதையும் எழுதிவிட்டு, பிஸ்கட் டின்னில் வைத்தேன். அதுதான் 23-வது.