பழைய கோல்ட் ரிவால்வர்: திருகில் தொடங்குங்கள்

அமெரிக்க நிறுவனமான கோல்ட் 1873-ல் வெளியிட்ட சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரை மதிப்பிடும்போது பலரும் முதலில் பளபளப்பைப் பார்க்கிறார்கள். திருகுத் துளைகளின் விளிம்பைப் பாருங்கள். தொழிற்சாலையில் கூர்மையாக இருந்த அந்த விளிம்பு, பாலிஷ் சக்கரம் பட்டால் குழிந்துவிடும். உடற்சட்டமான ஃபிரேமின் இடப்பக்கத்துக் காப்புரிமைத் தேதிகளும் ஆழம் குறைந்து மங்கியிருந்தால், துப்பாக்கியின் மேலுள்ள நீல மெருகு பிற்காலத்தில் ஏற்றியது. யாரும் கைவைக்காமல் பழுப்பேறிய துப்பாக்கிக்கே என் ஓட்டு. சேகரிப்பாளர் சந்தையிலும் பெரும்பாலும் அதற்குத்தான் விலை.

ஃபிரேமில் எலும்புக்கரி வைத்துச் சுட்டதால் வரும் நீலமும் பழுப்பும் கலந்த வண்ணம், கைபடும் இடத்தில் முதலில் போகும், மறைவிடங்களில் தங்கும். குழல் தேய்ந்திருக்க ஃபிரேம் மட்டும் முழுக்கப் பளிச்சென்றிருந்தால் சந்தேகப்படுங்கள்.

வரிசை எண் ஃபிரேமின் அடியிலும் விசைக் காப்பிலும் பிடியின் பின்பட்டையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு: ராணுவம் 1890-களில் 7½ அங்குலக் குழல்களை 5½ அங்குலமாக வெட்டிப் பழுதுபார்த்தபோது பாகங்கள் கலந்துபோயின. ஆர்ட்டிலரி எனப்படும் அந்த வகையில் எண் ஒத்துப்போகாதது குறையே அல்ல. பழைய குதிரைப்படைத் துப்பாக்கியில் ‘யு.எஸ்.’ முத்திரையோடு ராணுவச் சோதகரின் பெயர் முதலெழுத்துகளும் இருக்கும். எயின்ஸ்வொர்த் என்ற சோதகர் சோதித்தவற்றுக்குக் கிராக்கி மிக அதிகம். போலி முத்திரைகளும் அங்கேதான் அதிகம். தனியார் யாரோ குழலை வெட்டியிருந்தால், மேலே உள்ள, கோல்ட் தொழிற்சாலையின் ஹார்ட்ஃபோர்ட் முகவரி நடுவில் இல்லாமல் முனைப் பக்கம் ஒதுங்கி நிற்கும்.

இயக்கத்தைச் சோதிக்கும் முன் தோட்டா இல்லையென்று ஆறு அறைகளையும் பாருங்கள். தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுத்தால் நான்கு ‘க்ளிக்’ கேட்க வேண்டும். ஹேமர் முழுதாக இழுபட்டு நிற்கும்போது, தோட்டா அறைகளுள்ள சிலிண்டர் பூட்டியிருக்க வேண்டும். மூன்றே கேட்டால், பெரும்பாலும் உள்ளே உடைந்த தட்டை ஸ்பிரிங்கோ தேய்ந்த ஹேமர் பள்ளமோ காரணம். பாதியில் நிறுத்திய ஹேமரை அங்கிருந்தே கீழே விட்டால் சிலிண்டரை நிறுத்தும் பூட்டு தவறான இடத்தில் விழுந்து சிலிண்டரைச் சுற்றிக் கோடு போடும். அந்தக் கோடு விலையைக் குறைக்கும்.

இவற்றைச் சுட்டுப் பார்க்க வேண்டாம். 192,000-க்குக் கீழ் எண்ணுள்ளவற்றுக்கு, அதாவது 1900-க்கு முந்தியவற்றுக்கு, புகையில்லா வெடிமருந்துக்கான உத்தரவாதத்தைக் கோல்ட் தந்ததில்லை.

கடைசியாக, பெரிய விலைக்கு முன் கோல்ட் ஆவணக் காப்பகக் கடிதம் கேளுங்கள். அனுப்பிய தேதி, குழல் நீளம், மெருகு, பெற்றவர் ஆகிய விவரங்கள் பதிவேட்டில் உள்ள அளவுக்கு அதில் வரும். ஆனால் அது அந்த எண்ணுக்கு உரிய கடிதம். எண்ணையே மாற்றி வெட்டியிருந்தால் கடிதம் கண்டுபிடிக்காது. ஃபிரேமின் அடியில் எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள உலோகம் தாழ்ந்திருக்கிறதா என்பதையும் உருப்பெருக்கியில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.