ஓடுகிறவனுக்குப் பந்தைக் கொடுங்கப்பா

நேற்று ராத்திரி பழைய கால்பந்து மேட்ச் ஒன்றை மறுபடி போட்டுப் பார்த்தேன். 2022 ஆகஸ்ட், மான்செஸ்டர் சிட்டிக்காக ஸ்டிரைக்கர் ஹாலண்ட் ஆடிய முதல் லீக் ஆட்டம், எதிரணி வெஸ்ட் ஹாம். அதில் அவருடைய இரண்டாவது கோல் இருக்கிறதே, ஹாலண்டை விட்டுவிட்டு, நடுக்களத்திலிருந்து பாஸ் கொடுத்த டி புரூய்னேவை மட்டும் பாருங்கள். பந்து ஹாலண்டின் காலைத் தேடிப் போகவில்லை, டிஃபெண்டர்களுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்துக்குப் போனது, ஆள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார், அவ்வளவுதான். அந்த சீசன் லீக்கில் ஹாலண்ட் அடித்தது 36 கோல்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை டீமில் என்ன நடக்கிறது? ஸ்டிரைக்கர் கிளம்பிவிடுவான், நடுக்களத்தில் இருப்பவர் பந்தை நிறுத்தி, இன்னொரு தட்டு தட்டி, அழகு பார்த்து, அப்புறம் நிமிர்வார், அதற்குள் அவன் டிஃபெண்டர்களைத் தாண்டிப் போய் ஆஃப்சைடு. பாஸ் காலை விட்டுக் கிளம்பும் நொடியில் எங்கே நிற்கிறான் என்பதுதானே கணக்கு, அந்த ஒரு தட்டில்தான் எல்லாம் போகிறது. திட்டு மட்டும் ஓடியவனுக்கு! (ஓடியவன் நான்தான், சரி.) பந்து வருவதற்கு முன்பே ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? நாலு தடவை சும்மா ஓடிவிட்டு ஐந்தாவது தடவை நான் நின்றுவிட்டேன், அப்போதுதான் பாஸ் வந்தது.