நிதானமாகப் பேசச் சொல்பவர்கள்

திக்கிப் பேசுபவனைப் பார்த்து முகத்துக்கு நேரே சிரிப்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். பள்ளியில் எனக்குப் பட்டப்பெயராகவே இருந்த சொல்லை இன்று அலுவலகத்தில் யாரும் என் காதுபடச் சொல்வதில்லை. சிரிப்பு எழுந்துபோன இடத்தில் அறிவுரை வந்து உட்கார்ந்துகொண்டது. "பதற்றப்படாதீர்கள்", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லுங்கள்", "நிதானமாகப் பேசுங்கள், ஒன்றும் அவசரமில்லை" என்று வங்கியிலும் மருத்துவமனை வரவேற்பிலும் முன்பின் அறியாதவர்கள் எனக்குச் சொல்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நல்லெண்ணத்துக்கு அடியில் இருக்கும் கருத்து தவறானது. கேலியைவிட நெடுநாள் நிலைக்கக்கூடியதும்கூட.

திக்குகிறவன் பயந்தவன், தன்னம்பிக்கை இல்லாதவன், துணிச்சல் வந்துவிட்டால் நாக்கும் தானாகச் சரளமாகிவிடும் என்பதுதான் அந்தக் கருத்து. கென்னத் செயின்ட் லூயிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், திக்குதல் பற்றிப் பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அளப்பதற்காகவே ஒரு வினாத்தாளை உருவாக்கினார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பல நாடுகளில் பயன்பட்டிருக்கிறது. திக்குபவர்கள் கூச்ச சுபாவிகள், பதற்றக்காரர்கள் என்ற எண்ணம் எங்கும் பரவிக் கிடப்பதை இத்தகைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

உண்மையில் திக்குதல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. இழப்பதற்குத் தன்னம்பிக்கை என்று ஒன்று உருவாகியிராத வயது அது. குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேருக்கு வரும் இந்தத் தடை, பெரும்பாலோரிடம் சில ஆண்டுகளில் மறைந்துவிட, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் தங்கிவிடுகிறது. அவர்களில் ஆண்களே மிக அதிகம். பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஓர் ஆய்வு, திக்குதலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை 2010ஆம் ஆண்டில் அடையாளம் காட்டியது. பதற்றம் எங்களுக்கு இல்லையா என்றால், நிச்சயமாக உண்டு. ஆனால் அது பின்னால் வந்தது. வருகைப்பதிவின்போது "உள்ளேன் ஐயா" என்ற இரண்டு சொற்களுக்காக வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தால் யாருக்குத்தான் வராது? அதே மாணவன் காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தடையின்றிப் பாடிவிடுவான். பாடும்போதும், பலரோடு ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கல் பெரும்பாலும் விலகிவிடும் என்பது நன்கறியப்பட்ட உண்மை. ஆசிரியருக்கோ அதுவே சான்றாகிவிடுகிறது: "பாட வருகிறதே, பேச மட்டும் ஏன் வரவில்லை? எல்லாம் பயம்."

வீட்டு வைத்தியங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வசம்பை இழைத்து நாக்கில் தடவியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், திக்குபவர்களின் நாக்கையே வெட்டித் திருத்த முயன்றதோடு ஒப்பிட்டால் வசம்பு எவ்வளவோ மேல்.

சுற்றியிருப்பவர்களின் மனப்போக்கு ஒரு குழந்தையை எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு, நடத்தியிருக்கவே கூடாத ஒரு சோதனை சாட்சியாக இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வெண்டல் ஜான்சன் தாமே திக்கியவர். குழந்தைகளின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் திக்கல் என்று முத்திரை குத்துவதால்தான் அது நோயாகிறது என்று அவர் நம்பினார். 1939இல் அவருடைய மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி, டேவன்போர்ட் நகரின் அனாதை விடுதியிலிருந்த 22 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார். அவர்களில் சரளமாகப் பேசிவந்த 6 குழந்தைகளிடம், அவர்களுக்குத் திக்கல் தொடங்கிவிட்டது என்றும், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாமலிருப்பதே மேல் என்றும் சொல்லப்பட்டது. அவர்கள் திக்குவாயர்களாகிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. ஆனால் பேசத் தயங்கினார்கள், ஒதுங்கினார்கள், ஒற்றைச் சொற்களில் பதில் சொன்னார்கள். பல்கலைக்கழகம் 2001இல் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. முத்திரை குத்துவதால் திக்கல் பிறக்கும் என்பதை அச்சோதனை நிறுவவில்லை. மௌனம் பிறக்கும் என்பதைக் காட்டிவிட்டது.

அந்த மௌனம் எங்களிடம் சாமர்த்தியமாக மாறுகிறது. தோசை வேண்டும் என்று நினைத்து உணவகத்தில் உட்கார்ந்தவன், 'தோ' வராது என்று தெரிந்ததும் பொங்கல் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவருவான். தடுக்கும் சொல்லுக்குப் பதிலாக வேறொரு சொல்லைத் தேடுவதில் எங்களுக்கு நிகண்டு எழுதும் அளவுக்குத் தேர்ச்சி உண்டு. மாற்ற முடியாத ஒரே சொல் எங்கள் பெயர்தான், முதல் அறிமுகத்தில் எங்களைக் கவிழ்ப்பதும் அதுவே. இப்படி ஒளித்துக்கொள்பவர்களைச் சமூகம் அறிவதில்லை; எனவே அது காணும் திக்குவாயர் பெரும்பாலும் திரைப்படத்தின் நகைச்சுவைக் காட்சியில் வருபவராகவே இருக்கிறார்.

ஒளிக்காதவரையும் இங்கே சொல்ல வேண்டும். 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாட், வாழ்நாள் முழுதும் திக்கியபடியே மேடைகளில் பேசினார். "எப்போதும் திக்குவீர்களா?" என்று கேட்டவரிடம், "இல்லை, பேசும்போது மட்டும்தான்" என்று அவர் பதிலளித்ததாகச் சொல்வார்கள். துணிச்சல் வந்தால் திக்கல் போய்விடும் என்பவர்கள், சிறை சென்ற, தலைமறைவாக வாழ்ந்த, ஓர் அரசையே நடத்திய அந்த மனிதரிடம் எந்தத் துணிச்சல் குறைந்திருந்தது என்று சொல்லட்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதன் விளக்கத்தில் எடுத்துக்காட்டப்படுபவை குரல்வளை அகற்றமும் மூளைப் பாதிப்பால் மொழி இழப்பதும்தாம், திக்கலின் பெயர் அங்கே இல்லை. நேர்காணலில் கூடுதலாகச் சில நிமிடங்கள் தருவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். என் பங்குக்கு, அறிமுகமில்லாதவர்களிடம் தொலைபேசியில் பேசும்போது, "நான் திக்கிப் பேசுவேன், சற்றுக் காத்திருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். ஒளிக்கும் வேலை இல்லாததால் பேச்சு முன்னைவிட எளிதாக இருக்கிறது. பெரும்பாலோர் "தாராளமாக" என்கிறார்கள்; அவர்களில் சிலர் மூன்றாவது சொல்லிலேயே என் வாக்கியத்தைத் தாமே முடித்தும் வைக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் தவறாக.