லாங்ஆர்ம்ல வளைவு தைக்கும்போது அந்த கால் இஞ்ச் எங்க போகுது?

குயில்ட், அதாவது மூணு அடுக்கு தையல் போர்வை தைக்கற பெரிய மெஷின் தான் லாங்ஆர்ம். அதுல ரூலர், அதாவது தடிமனான பிளாஸ்டிக் அச்சு வச்சு தைக்கப் பழகறவங்க நேர்கோட்டுல தான் ஆரம்பிப்பாங்க, அதுல பெருசா குழப்பம் வராது. வளைவுக்கு வந்ததும் ஒரு கேள்வி வந்தே தீரும். குயில்ட்ல 4 இஞ்ச் வட்டம் வரைஞ்சு வச்சிருக்கோம், 4 இஞ்ச் வட்ட ரூலரையே அதுமேல வச்சு ஓரத்தைச் சுத்தி தைக்கிறோம், முடிச்சு அளந்து பார்த்தா நாலரை இஞ்ச் இருக்கு. ஏன்? இந்த ஒண்ணு பிடிபட்டுட்டா வளைவுல மீதி எல்லாம் தன்னால வந்துடும்னு நான் நினைக்கிறேன், அதனால இன்னைக்கு முழுக்க அதைப் பத்தியே எழுதறேன்.

லாங்ஆர்ம் பார்த்திருக்காதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். வீட்டு மெஷின்ல துணியை நாம நகர்த்துவோம், ஊசி ஒரே இடத்துல இருக்கும். இதுல அப்படியே தலைகீழ். மேல் துணி, நடுவுல பேட்டிங்னு சொல்ற பஞ்சு, அடித்துணி மூணும் ஒரு பெரிய ஃப்ரேம்ல ரோலர் போட்டு கட்டியிருக்கும், மெஷின் தலை சக்கரத்து மேல உட்கார்ந்து நம்ம கை போற பக்கமெல்லாம் ஓடும். இங்க அமெரிக்காவுல நிறைய குயில்ட் கடைகள்ல இந்த மெஷினை மணிக்கணக்குல வாடகைக்கு விடறாங்க, சொந்தமா வாங்கணும்னா விலையும் இடமும் ரொம்ப பெருசு.

ஊசியைச் சுத்தி வட்டமா ஒரு ஃபுட் இருக்கும், ஹாப்பிங் ஃபுட்னு பேரு, ஒவ்வொரு தையலுக்கும் குதிச்சு குதிச்சு இறங்கும். அதோட வெளிவிட்டம் பெரும்பாலும் அரை இஞ்ச், ஊசி சரியா நடுவுல. ரூலர் ஓரத்துல இடிக்கிறது ஃபுட் தான், ஊசி இல்ல. அப்போ தையல் எப்பவுமே ரூலர் ஓரத்துல இருந்து கால் இஞ்ச் தள்ளி தான் விழும். நேர்கோட்டுல கோடு கால் இஞ்ச் நகரும், அவ்வளவுதான், கோட்டோட உருவம் மாறாது. வளைவுல உருவமே மாறுது! ரூலரோட வெளிப்பக்கமா போனா ஆரம் கால் இஞ்ச் கூடும், உள்பக்கமா போனா கால் இஞ்ச் குறையும், அதனால ஒரே ரூலரோட குழிஞ்ச பக்கத்துல தைச்ச வளைவும் புடைச்ச பக்கத்துல தைச்ச வளைவும் ஒண்ணுமேல ஒண்ணு உட்காரவே உட்காராது.

கிளாம்ஷெல் எடுத்துக்கோங்க, மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா வருமே அது. 4 இஞ்ச் அகலத்துக்கு அரை வட்டம் வேணும்னா தையலோட ஆரம் 2 இஞ்ச். அதை வெளிப்பக்கமா தைக்கணும்னா ரூலரோட ஆரம் ஒண்ணே முக்கால் இஞ்ச் இருக்கணும், நடுவுல வெட்டின ரூலருக்குள்ள ஃபுட்டை விட்டு தைக்கணும்னா அந்த ஓட்டையோட ஆரம் ரெண்டே கால் இஞ்ச். நல்ல ரூலர் செய்யறவங்க இந்தக் கால் இஞ்ச் கணக்கை முன்னாடியே போட்டு தான் வெட்டுவாங்க, பேர்ல 4 இஞ்ச்னு இருந்தா தையல் 4 இஞ்ச் வரும்னு அர்த்தம், பிளாஸ்டிக்கோட அளவு இல்ல. ஆனா எல்லா ரூலரும் அப்படி கிடையாது, வாங்கினதும் ஒரு வேஸ்ட் துணியில தைச்சு அளந்து பார்த்துடுங்க.

ஆரஞ்ச் பீல் டிசைன்ல இந்தக் கணக்கு இன்னும் அழகா இருக்கும். கட்டம் கட்டமா இருக்கற குயில்ட்ல ஒவ்வொரு கட்டத்தோட பக்கத்துலயும் ரெண்டு வளைவு சேர்ந்து ஒரு இதழ் வரும். 4 இஞ்ச் கட்டத்துல அந்த வளைவு கால் வட்டமா வரணும்னா ஆரம் மூலைவிட்டத்துல பாதி, கிட்டத்தட்ட 2.83 இஞ்ச், இதழோட ஒரு பக்கப் புடைப்பு 0.83 இஞ்ச். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் நூலை அறுக்காமலே போகலாங்கறது. சிக்குக் கோலத்துல இழையை எங்க தொடங்கி எப்படி சுத்தி வரணும்னு முதல்லயே மனசுல ஓட்டிப் பார்ப்போமே, அதே யோசனை தான் இங்கயும். ஒரு வரிசையில ஒரு கட்டத்துக்கு மேல வளைஞ்சு, அடுத்ததுக்கு கீழ வளைஞ்சு, மாத்தி மாத்தி அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டு, திரும்பி வரும்போது விட்டுப்போன பக்கத்தை தைச்சுக்கிட்டே வந்தா வரிசை முழுக்க இதழ் முடிஞ்சிருக்கும். குறுக்கு வரிசை இப்படி. நெடுக்கு வளைவுகளை மெஷினோட கை எட்டற இடம் வரைக்கும் தான் தைக்க முடியும், மிச்சம் துணியை உருட்டினதுக்கு அப்புறம்.

ரூலரை எங்க வைக்கணும்னு எப்படி தெரியும்னு கேட்பீங்க. ரூலர் மேல கால் இஞ்ச் இடைவெளியில கோடு செதுக்கியிருக்கும், நடுக்கோடும் இருக்கும். கண்ணு ரூலர் ஓரத்தைப் பார்க்கக்கூடாது, ஊசி போய் இறங்க வேண்டிய புள்ளியைப் பார்க்கணும். ஊசியை ஆரம்பப் புள்ளியில இறக்கி நிறுத்துங்க, ரூலரை ஃபுட்டோட ஒட்டி வைங்க, அப்புறம் முடியற புள்ளியில இருந்து கால் இஞ்ச் தள்ளி ரூலர் ஓரம் வர்ற மாதிரி திருப்புங்க. தொடக்கமும் முடிவும் சரியா இருந்தா நடுவுல வளைவு தானா சரியா வரும்.

ரூலர் கால் இஞ்ச் தடிமனா இருக்கணும், இதுல மட்டும் சமாதானமே கிடையாது. மெல்லிசா இருந்தா ஃபுட் குதிக்கும்போது அதுமேல ஏறிடும், இல்ல ரூலர் ஃபுட்டுக்கு அடியில போயிடும், ஊசி உடையும், சில சமயம் மெஷினோட டைமிங்கும், அதாவது ஊசியும் அடியில இருக்கற கொக்கியும் சேர்ற நேரமும், போயிடும். துணிக்கு அடியில இருக்கற லாங்ஆர்ம் கை குறுகலா இருக்கறதால அதுமேல ஒரு அகலத் தட்டையும் மாட்டணும், ரூலர் பேஸ்னு சொல்வாங்க, அது இல்லன்னா ரூலர் ஆடும். இடது கை விரல்களை விரிச்சு ரூலர் நடுவுல வைங்க, ஃபுட் பக்கம் விரல் போகவே கூடாது. துணி மேல அமுக்கறது கம்மியா, ஃபுட்டோட ஒட்டிப் பிடிக்கறது உறுதியா இருக்கணும். ரூலர் நீளமா இருந்தா பாதியில ஊசியை உள்ள நிறுத்திட்டு கையை மாத்தி வச்சுட்டு போங்க, எட்டி எட்டி பிடிக்கற இடத்துல தான் ரூலர் வழுக்கும். அடியில வழுக்காத டேப் ஒட்டினா ரொம்ப உதவி.

வளைவோட இன்னொரு பக்கம் அடித்துணியில தெரியும். மேல பார்த்தா பிரமாதமா இருக்கும், அடியில வளைவு வர்ற இடத்துல மட்டும் கண்ணிமை முடி மாதிரி நூல் சுருள் சுருளா நிக்கும். திரும்பற இடத்துல மெஷினை வேகமா இழுத்தா ஊசி வளையும், மேல் நூல் டென்ஷனும், அதாவது நூலோட இறுக்கமும், லூஸா இருந்தா இது நிச்சயம். ஸ்டிச் ரெகுலேட்டர் தையல் நீளத்தை சமமா வச்சுக்கும், ஆனா ஊசி வளையறதை அதால தடுக்க முடியாது, வளைவுல கை தான் நிதானமா போகணும். நேர்கோட்டுக்கு இஞ்சுக்கு 10 தையல் வச்சா சின்ன வளைவுக்கு 12 வைங்க, நீளத் தையல்ல வட்டம் முனை முனையா தெரியும். துணியை மத்தளம் மாதிரி இழுத்தும் கட்டாதீங்க, அடியில இருந்து விரலால தள்ளினா மேல எழும்பற அளவு தொய்வு வேணும், இல்லன்னா ரோலரை விட்டதும் வட்டம் முட்டை ஆயிடும்.

கம்ப்யூட்டர் மாட்டின லாங்ஆர்ம் இதெல்லாம் தானே தைக்குமே, ரூலர் எதுக்குன்னு நிறைய பேர் கேக்கறாங்க. குயில்ட் முழுக்க ஒரே டிசைன் ஓடணும்னா கம்ப்யூட்டர் அருமை, நானும் ஒத்துக்கறேன். ஆனா கையால ஜாயிண்ட் போட்ட எந்த குயில்ட்லயும் எல்லா பிளாக்கும், அதாவது துண்டு கோத்து தைச்ச கட்டமும், அச்சா ஒரே அளவு இருக்காது, ஒண்ணு 6 இஞ்ச் இருந்தா பக்கத்துல இருக்கறது ஒரு நூல் கம்மியா இருக்கும். ரூலர் வச்சிருக்கும்போது அதை லேசா திருப்பி வளைவோட முனையை சரியா தையல் சேர்ற மூலையில கொண்டு போய் உட்கார வச்சிடலாம், அந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்லயும் ஒவ்வொரு பிளாக்கா அளந்து போட்டா வரும், ஆனா ஒவ்வொண்ணா.

பாப்டிஸ்ட் ஃபேன் பார்த்திருக்கீங்களா? அமெரிக்காவோட பழைய கைத்தையல் டிசைன், ஒரே மையத்துல இருந்து விசிறி விசிறியா வளைவுகள் அடுக்கியிருக்கும். அந்தக் காலத்துல முழங்கையை துணி மேல ஊனி கை எட்டற தூரத்துக்கு வளைவு போட்டு தைச்சாங்கன்னு சொல்வாங்க, சர்ச் பெண்கள் சேர்ந்து ஃப்ரேமைச் சுத்தி உட்கார்ந்து தைச்சதால தான் அந்தப் பேராம். இன்னைக்கு அதுக்கு ரூலர் செட்டே இருக்கு, சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் வளைவுகள் சீரா கூடிக்கிட்டே போகும். ஒரு வளைவு முடிஞ்சதும் பக்கத்து விசிறியோட வெளிக்கோடு மேலயே தைச்சு ஏறி அடுத்த வளைவுக்கு போகணும், அப்படியே வரிசை முடியற வரைக்கும் நூல் அறுக்க வேண்டாம். ரெண்டு வளைவுக்கு நடுவுல அரை இஞ்ச் வேணும்னா தைச்ச கோட்டுல இருந்து ஃபுட் ஓரம் கால் இஞ்ச் தள்ளி வருதான்னு பாருங்க, அந்த கால் இஞ்ச் அங்கயும் அளவுகோலா நிக்கும். அடுத்து ஒரு பழைய புடவைத் துணி குயில்ட்ல இதைத் தான் போடப்போறேன், காட்டன் புடவை மெல்லிசுங்கறதால பேட்டிங்கும் மெல்லிசா, ஊசியும் வழக்கமா போடற 18ம் நம்பர் இல்லாம ஒரு சைஸ் குறைச்சு.