பழைய ஃபைபர் படகை வீட்டாளுகளே சேர்ந்து சரி பண்ணியது

சுனாமிக்குப் பிறகு, 2005, 2006-ல் அவசர அவசரமாகக் கட்டிக் கரைகளுக்கு வந்த ஃபைபர் படகுகளில் பல இன்று வேலிக்கருவை ஓரம் கவிழ்ந்து கிடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் உரிந்திருக்கும், அவ்வளவுதான் என்று தோன்றும். பழைய படகு வாங்குகிறவர்கள் ஏமாறுவது அங்கேதான். ஃபைபர் துருப்பிடிக்காது, செல்லரிக்காது என்பது உண்மை. ஆனால் அதற்குள் வைத்துப் பூசிய பிளைவுட், மரச்சட்டம், ஃபோம் எல்லாம் தண்ணீர் குடிக்கும். அதைத் திறந்து பார்க்காமல் மேலே கண்ணாடி நாரை ரெசினில் (இறுகும் பிசின்) நனைத்து இரண்டு லேயர் ஒட்டிப் பெயின்ட் அடித்தால் ஒரு பருவம்கூடத் தாங்காது. 28 அடிப் படகு ஒன்றை வீட்டாளுகளாகச் சேர்ந்து சரி பண்ணியதில் வேலையின் பெரும்பகுதி ஈரம் எடுப்பதிலும் தேய்ப்பதிலும்தான் போனது. ரெசின் பூசும் வேலை கடைசியில் வருவது, சீக்கிரம் முடிவது.

முதலில் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரெசின் வேலையே கூடாது. பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது ஆரம்பித்தால் ஏப்ரல் 15-க்குள் முடித்துவிடலாம். அன்றிலிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகு பிடித்து வரும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நாட்கள் அவை. அந்த நேரத்தில் படகு கரையில் கிடக்கக் கூடாது.

படகை வாங்கும் முன்பும், வேலை தொடங்கும் முன்பும் ஒரு சின்னச் சுத்தியலால் அணியத்திலிருந்து (முன்பக்கம்) கடையால் (பின்பக்கம்) வரை நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று கேட்கும். லேயர் பிரிந்த இடமும் உள்ளே தண்ணீர் நிற்கும் இடமும் மொத்தென்று கேட்கும். சத்தம் மாறும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் படகில் வட்டங்கள் மூன்று இடத்தில் கூடி நின்றன: என்ஜின் உட்காரும் பலகையைச் சுற்றி, தண்ணீர் புகுந்தாலும் படகை மூழ்கவிடாத மிதவை அறையின் அடிப்பக்கம், ஏராவின் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புப் பகுதி) நடுப்பகுதி. பெரும்பாலான படகுகளில் இந்த மூன்றுதான். என்ஜின் அதிர்வில் போல்ட் துளை தளர்ந்து, அந்த வழியாகப் பலகைக்குள் தண்ணீர் இறங்குகிறது. டிராக்டர் கட்டி மணலில் இழுப்பதால் ஏரா தேய்கிறது. மிதவை அறைக்கு மூடி ஒட்டிய ஓரம் விரிந்து உள்ளே தண்ணீர் போகிறது, போன தண்ணீர் வெளியே வர வழியில்லை.

சந்தேகமான அறையின் ஆகத் தாழ்ந்த இடத்தில் 8 மில்லிமீட்டர் டிரில் போட்டால் உண்மை தெரிந்துவிடும். தண்ணீர் சொட்டினால் உள்ளே உள்ள ஃபோம் முழுவதும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். காயவைத்துப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள்; ஊறிய ஃபோம் காயாது. கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு அறையின் மேல்மூடியை அறுத்து எடுக்க வேண்டும். அறுக்கும்போது சுற்றிலும் 2 அங்குல விளிம்பை விட்டுவிட்டால், பிறகு அதே மூடியை வைத்துத் திருக இடம் கிடைக்கும்.

ஃபோமை வாரிக் கொட்டியபின் அறையிலும் படகு முழுவதிலும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு நிற்கும், உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கழுவிக் காயவிட்ட பிறகு, ஒரு முழச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்வை நிற்கும் வரை பொறுக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் அவசரப்படுத்துவது இந்தக் கட்டத்தில்தான். கண்ணுக்கு வேலை எதுவும் நடக்காதது மாதிரி இருக்கும், ஆனால் படகு பிழைப்பது இங்கேதான். அடியில் கொப்புளம் இருந்தால் எல்லாவற்றையும் உடைத்துத் திறக்க வேண்டும். உள்ளிருந்து வரும் நீர் காடி வாடை அடிக்கும். அதையும் கழுவிக் காயவிட்ட பிறகே அடைக்கலாம்.

பழைய படகில் புது லேயர் பிடிப்பது ரசாயனத்தால் அல்ல, சொரசொரப்பால். ரெசின் ஒருமுறை முழுதாக இறுகிவிட்டால் புது ரெசின் அதோடு கலக்காது. கீறல்களுக்குள் இறங்கிக் கவ்வித்தான் நிற்கும். அதனால் 36-ம் நம்பர் டிஸ்க்கில் பெயின்ட், ஜெல்கோட் (வெளிப்பக்க ரெசின் பூச்சு) எல்லாம் போய்ப் பழைய நார் தெரியும் வரை தேய்க்க வேண்டும். ஓட்டை அல்லது விரிசல் இருந்தால் அதைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலம் என்பது கணக்கு: 8 மில்லி கனத்துக்கு எல்லாப் பக்கமும் சுமார் 10 சென்டிமீட்டர். செங்குத்தாக வெட்டிய ஓட்டைக்குள் மேட்டை (கண்ணாடி நார் விரிப்பு) திணித்து அடைத்தது அலை அடித்தால் தட்டோடு கழன்று வரும்.

அரிப்புக்குப் பயந்து கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தேய்க்கிறவர்கள் உண்டு. அந்தக் கை தேய்த்த இடத்தில் பட்டால் அங்கே லேயர் பிடிக்காது. டால்கம் பவுடர் போட்டு, முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி அணிந்தால் போதும். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், அந்தத் துணிகளைத் தனியாக அலச வேண்டும். தூசிக்கு என்95 மாஸ்க் போதும். ரெசின் வாடைக்கு அது உதவாது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இந்த இரண்டு வேலைக்கும் பக்கத்தில் வரக் கூடாது.

வீட்டில் எல்லாருக்கும் கை வேலை வேறு இருக்கிறது. மேட்டும் ரோவிங்கும் (கண்ணாடி நாரில் நெய்த துணி) அளந்து தயார் பண்ணுவது அதில் முக்கியமானது. 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேட், 610 ஜிஎஸ்எம் ரோவிங் இரண்டும் போதும். ரோவிங்கைக் கத்திரிக்கோலால் வெட்டலாம். மேட்டின் ஓரத்தைக் கையால் கிழிப்பது நல்லது. கிழித்த ஓரம் மெல்லிசாக முடிந்து பழைய பரப்போடு மேடு தட்டாமல் சேரும். ஒவ்வொரு துண்டுக்கும் இடமும் வரிசை எண்ணும் எழுதி, அடுக்கிக் கட்டி நிழலில் வைத்துவிட்டால், ரெசின் கலக்கிய பிறகு யாரும் தேட வேண்டியதில்லை.

ஏராவுக்கு 28 அடி நீளம், ஓரடி அகலம் என்றால் சுமார் இரண்டரைச் சதுர மீட்டர். மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட் என்று ஐந்து லேயர் போட்டோம். நாலரை மில்லி கனம் கூடும். நார் மட்டும் ஆறரைக் கிலோ பிடிக்கும். மேட் தன் எடையைப் போல இரண்டேகால் மடங்கு ரெசின் குடிக்கும், ரோவிங்குக்குச் சமஎடை போதும். அந்தக் கணக்கில் ரெசின் 11 கிலோ. சேதாரத்துக்குச் சேர்த்து 13 கிலோ வாங்கலாம். பழைய பரப்பின் மேல் முதலில் படுவது எப்போதும் மேட்டாகவே இருக்க வேண்டும். ரோவிங்கை நேரடியாக வைத்தால் முடிச்சுகளுக்கு நடுவே ரெசின் இல்லாத குழி நின்று, பின்னால் பாயாக உரிந்து வரும்.

ரெசினில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது சாதாரண ஜிபி ரெசின் (ஜிபி, ஐசோ இரண்டும் பாலியெஸ்டர் வகை). தண்ணீரில் இருக்கும் அடிப்பாகத்துக்கு ஐசோ ரெசின் கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும் தண்ணீரைத் தாங்கும். எபாக்சி என்ற வேறு வகை ரெசின் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை அதிகம், அதன் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாக இறுகாது. முழுப் படகுக்கும் எபாக்சி தேவையில்லை என்பது எங்கள் முடிவு.

கலவை விஷயத்தில் சிரிஞ்ச் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்துவது), அதை நன்றாகக் கலக்கிய பிறகு 10 முதல் 15 மில்லிலிட்டர் கேட்டலிஸ்ட் (இறுக வைப்பது). கோபால்ட் ஊதா நிறம், கேட்டலிஸ்ட் தண்ணீர் நிறம். இரண்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே டப்பாவில், ஒரே சிரிஞ்சில், ஒரே அலமாரியில் இரண்டும் இருக்கக் கூடாது. சில ரெசின்கள் கோபால்ட் கலந்தே வரும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம்: உடனே 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரி.

வெயில் ஏறினால் கேட்டலிஸ்டைக் குறைக்கலாம், ஆனால் 10 மில்லிக்குக் கீழே போகக் கூடாது. குறைந்தால் மேலே இறுகினது போல் காட்டி உள்ளே மென்மையாகவே நிற்கும். அளவைக் குறைப்பதைவிட நேரத்தை மாற்றுவது மேல். பனி ஈரம் காய்ந்தபின் காலையில் தொடங்கி உச்சிவெயிலுக்கு முன் நிறுத்துவது, படகுக்கு மேல் தார்பாய் கட்டுவது இரண்டும் போதும். ஒரு கலவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஆழமான மக்கில் வைத்தால் சூடு ஏறிக் கைக்குள்ளேயே கட்டியாகும். அகலமான பேசினில் ஊற்றினால் சற்று நேரம் தாங்கும். மிஞ்சியது புகையும், அதை மணலில் ஊற்றி ஒதுக்குங்கள்.

பூசும் முறை எளிது. பரப்பில் முதலில் ரெசின் தடவி, மேட்டை வைத்து, பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனைத்து, பிறகு இரும்பு ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ள வேண்டும். வெள்ளை மேட் நனைந்ததும் கண்ணாடியாகி அடியில் உள்ளது தெரியும். வெள்ளையாக நிற்கும் புள்ளி என்றால் அங்கே காற்று அல்லது ரெசின் பற்றாக்குறை. அதை அப்போதே சரி பண்ண வேண்டும். மறுநாள் பார்த்தால் கிரைண்டர்தான் வழி. ஐந்து லேயரையும் ஒரே மூச்சில் போட்டால் சூட்டில் வளையும், ஆகவே இரண்டு மூன்றாகப் பிரிக்கலாம். அடுத்த லேயர் 24 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். தாண்டினால் மறுபடி தேய்க்க வேண்டும்.

இந்த வேலைக்கு முன் படகை டயரும் மணல் மூட்டையும் வைத்து நேராக நிறுத்தி, அணியத்திலிருந்து கடையாலுக்கு நூல் பிடித்துப் பாருங்கள். முறுக்கிக் கிடக்கும் படகில் லேயர் போட்டால் முறுக்கு அப்படியே நிலைத்துவிடும், கடலில் ஒரு பக்கமாகவே இழுக்கும். முதலில் உள்பக்க வேலை, வடிவம் உறுதியானபின் கவிழ்த்து ஏரா வேலை.

என்ஜின் பலகையில் கத்தி முனை இறங்கினால் பிளைவுட் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 19 மில்லி இரண்டு தட்டுகளை ஒட்டி 38 மில்லி ஆக்கி, நாலு பக்க ஓரத்துக்கும் ரெசின் குடிக்கக் கொடுத்த பிறகே உள்ளே வைக்கலாம். மூலைகளில் ரெசினும் டால்க் பவுடரும் கெட்டித் துவையல் பதத்தில் குழைத்து வளைவாக நிரப்பினால் மேட் மடியாமல் உட்காரும். போல்ட் துளையைப் பெரிதாகப் போட்டு, அதே கலவையால் அடைத்து, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளை போடுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது, தண்ணீருக்கும் வழியில்லை. போல்ட் எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகு), அடியில் அகலமான தகடு, சுற்றிலும் பாலியுரேத்தேன் சீலன்ட்.

மிதவை அறைக்குத் தெர்மோகோல் வைக்கிறவர்கள் கவனிக்க: பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்துவிடும். பியூ (பாலியுரேத்தேன்) ஃபோம் ஊற்றலாம். ஆனால் ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் உள்ளே கருகும், சுவரைத் தள்ளி உப்ப வைக்கும். நாங்கள் மூடி இறுக்கிய 20 லிட்டர் கேன்களை அடுக்கினோம். மூடியைக் கழற்றினால் கேன்களை எடுத்துப் பார்க்க முடியும் என்பதே காரணம். ஃபைபர் கூடு 600 கிலோ என்றால் தண்ணீருக்குள் அதன் எடை சுமார் 200 கிலோதான். 100 கிலோ என்ஜினுக்கு 85, பிடித்துத் தொங்குகிற ஐந்து பேருக்கு 50 என்று கூட்டினால் 335 கிலோவைத் தாங்க வேண்டும். ஒரு கேன் 19 கிலோ தூக்கும், 25 கேன் வைத்தால் 475. அறை மூடியை ஒட்டாமல் ரப்பர் கேஸ்கெட் வைத்துத் திருகுங்கள்.

கடைசிப் பூச்சில் மெழுகு கலந்த ஜெல்கோட் வேண்டும். மெழுகு இல்லாவிட்டால் காற்றுப்படும் பக்கம் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஒரு சதுர மீட்டருக்கு 600 கிராம் அளவு. ஒரு வாரம் விட்டு, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள். ஒட்டினால் அந்த இடம் வெந்திருக்கவில்லை.

பதிவு எண்ணை அணியத்தின் இரு பக்கமும் எழுதிய பிறகு, முதல் தடவை ஆழம் குறைவான இடத்தில் நங்கூரம் போட்டு, மிதவை மூடிகளைத் திறந்து அறைகளைப் பார்க்க வேண்டும். முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் என்ஜின் போல்ட்களை மறுபடி முறுக்குங்கள், சீலன்ட் அமுங்கியிருக்கும். ஏராவை மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்து, நார் தெரியத் தொடங்கிய இடத்தில் உடனே ஒரு மேட் போட்டுவிட்டால் அடுத்த ஐந்து லேயர் வேலை வெகுகாலம் தள்ளிப்போகும்.