மச்சுக்கு வெள்ளையா?

மார்ச் 3

பர்மாவில் இந்த மோல்மேன் ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்தக் கூடத்து இருட்டு பழகவில்லை. பகல் 2 மணிக்கே விளக்குப் போட வேண்டும். கரண்ட் போனால் அதுவும் கிடையாது. மச்சுக்கு, அதாவது தலைக்கு மேலே இருக்கும் பலகைக்கு, வெள்ளையடித்துவிடலாம் என்று இவரிடம் சொன்னேன். "தேக்குக்கா?" என்றார். அத்தை காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன். ராத்திரி ரசத்தின் காரத்தில் தெரிந்தது.

மார்ச் 5

பர்மியத் தச்சர் வந்தார். மச்சை விட்டுவிட்டு முதலில் வெளிச்சுவரைப் பார்த்தார். அங்கே மாமா காலத்திலிருந்து கரையானுக்கும் மழைக்குமாகக் கச்சா எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்திருக்கிறது. "உள்ளேயும் இதைப் பூசினீர்களா? பூசியிருந்தால் பெயிண்டை மறந்துவிடுங்கள்." இல்லை, உள்ளே பழைய வார்னிஷ்தான்.

அப்புறமும் அவர் விடவில்லை. தேக்கிலேயே எண்ணெய் உண்டு, பெயிண்ட் பிடிக்காது. தின்னரில் துடைத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் மறுபடி மேலே வருவதற்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். மரத்துச் சாயம் வேறு வெள்ளையில் ஊறி மஞ்சளாக வெளியே வரும். மழைக்குப் பலகை உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். இணைப்புக்கு இணைப்பு பெயிண்ட் கோடு கோடாக வெடிக்கும். வேண்டாமென்று பிறகு சுரண்டுவதென்றால் அண்ணாந்தபடியே சுரண்ட வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் பர்மா தேக்கு என்று சொல்லிச் சொல்லிப் பாலிஷ் போடுகிறார்கள். 2014 ஏப்ரலிலிருந்து இங்கிருந்து முழு மரமாக ஏற்றுமதி செய்யவே தடை. நான் அதன் மேல் வெள்ளையடிக்க வாளியோடு நிற்கிறேன்!

மார்ச் 9

சாமான் அறையில் 2 பலகை, சோதனைக்கு. ஒன்றில் தண்ணீர் பெயிண்டை அப்படியே அடித்தேன். இன்னொன்றுக்குத் தின்னர், உப்புத்தாள், ஷெல்லாக் (அரக்கு) பிரைமர், பிறகு பெயிண்ட். நெடி தாங்காமல் எல்லோரும் முன் திண்ணையில் படுத்தோம்.

மார்ச் 14

முதல் பலகையில் தேநீர் சிந்திய மாதிரி கறை. நகத்தால் சுரண்டினால் தோலாக உரிகிறது. இரண்டாவது பளிச்சென்று நிற்கிறது. ஆக, ஒழுங்காகச் செய்தால் பிடிக்கும். தச்சரைச் சாக்குச் சொல்லித் தப்பிக்க முடியாது. முடிவு என் தலையில்.

மார்ச் 15

ஏணியில் ஏறிக் கூடத்துப் பலகை ஒன்றைத் துடைத்தேன். துணி கரிக்கட்டையாக வந்தது. இந்த வீட்டில் விறகடுப்பு எரிந்த காலத்துப் புகை, மின்சாரம் இல்லாத இரவுகளின் விளக்குப் புகை, சாம்பிராணி. கீழே மரம் தேன் நிறத்தில் இருக்கிறது. இத்தனை நாள் தேக்கைத் திட்டியிருக்கிறேன்.

மார்ச் 22

கழுத்து வலி. முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் கரியைத் தட்டி, பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன். தண்ணீர் சொட்டவிடவில்லை. 4 நாள் வேலை. வெள்ளை தரும் வெளிச்சம் இதில் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் உள்சுவர்களுக்கு வெளிர் சந்தன நிறம். சமையலறை மச்சு வெறும் மூங்கில் பாய்தான், அதற்குத் தாராளமாக வெள்ளை. திண்ணைத் தகரத்தில் ஒன்றை எடுத்துவிட்டு, ஒளி புகும் ஷீட் போட வேண்டும். மே மாத மழைக்கு முன் முடித்தாக வேண்டும்.

மார்ச் 24

சாமி அறை பாக்கி. ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். விளக்குக்கு நேர் மேலே, தட்டளவு கறுப்பு.

"அதை விட்டுடும்மா" என்றார் அத்தை. "அது உங்க மாமா ஏத்துன விளக்கு."

சரி என்று ஏணியைச் சாமான் அறையில் சாத்திவிட்டு வந்தேன். அந்த இரண்டு வெள்ளைப் பலகைகளும் அங்கே அப்படியே இருக்கின்றன.