கதிரவன் முதுகுக்குப் பின்னால்

சென்னையின் பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை வேளையில் நீர்வண்ணப் பெட்டியோடு உட்காருபவருக்கு முதல் சங்கடம், கதிரவன் கடலில் மறைவதில்லை என்பதுதான். அது நம் முதுகுக்குப் பின்னால், அடுக்குமாடி வீடுகளுக்கு அப்பால் இறங்குகிறது. காலண்டர் படங்களில் வருவதுபோல் இங்கே மாலைக் கடல் பொன்னாக உருகுவதில்லை. கட்டடங்களின் நிழல் முதலில் மணலை மூடி, பிறகு அலைகளின்மேல் ஏறி, மெல்லக் கடலுக்குள் நீள, தொலைவில் நிற்கும் படகு மட்டும் இன்னும் சற்று நேரம் வெயிலில் இருக்கும்.

சங்க இலக்கியத்தில் கடற்கரை நிலமான நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது கதிரவன் சாயும் எற்பாடு என்று பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, பறவையையும் மரத்தையும் கருப்பொருளாக வகுத்த அந்த வரிசையின் நியாயம், தூரிகை பிடித்த பிறகே எனக்கு விளங்கியது. துயரத்தைக் காட்ட ஒற்றை நாரையை வரைந்துவிட்டால் போதாது. அந்த நாரை எந்தப் பொழுதின் வெளிச்சத்தில் நிற்கிறது என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். 1930இல், கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவகம் இந்தக் கரையில் வெள்ளையாக நிற்கிறது. சோகத்துக்கு இதைவிட நல்ல குறியீடு ஏது என்று எண்ணி, நான்கைந்து தாள்களில் அதையே நடுவில் வைத்தேன். எல்லாமே அஞ்சலட்டைகள்போல் வந்தன. சொல்ல வேண்டியதை நினைவகமே சொல்லி முடித்துவிட்டதால், கடலுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

ஜெர்மானிய ஓவியர் கஸ்பார் டேவிட் ஃபிரீட்ரிஹ் 1808 முதல் 1810 வரை வரைந்த 'கடலோரத் துறவி' ஓவியத்தை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். முக்கால் பங்குக்கு மேல் வானம், அதற்கடியில் கறுத்த கடல், வெளிறிய மணலில் விரலளவில் ஒரு மனிதர். ஃபிரீட்ரிஹ் முதலில் அந்தக் கடலில் கப்பல்களை வரைந்து, பின்னர் வண்ணம் பூசி மறைத்துவிட்டார் என்பது அகச்சிவப்புக் கதிர் ஆய்வில் தெரியவந்தது. கப்பல் இருந்திருந்தால் துறவி எதற்கோ காத்திருக்கிறார் என்று நாம் ஒரு கதை கட்டிக்கொண்டு நகர்ந்திருப்போம். கண்ணுக்கு ஒதுங்க இடம் கொடுக்காததுதான் அந்த ஓவியத்தின் கனம்.

அப்படியானால் காலண்டர்க்காரர்களின் பொற்கடலை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். 1839இல் ஆங்கில ஓவியர் டர்னர், உடைக்கப்படுவதற்காக இழுத்துச் செல்லப்படும் 'டெமரேர்' போர்க்கப்பலை வரைந்தபோது, மேற்கு நோக்கிப் போன கப்பலுக்குப் பின்னால் அந்தியை வைத்தாரே! வைத்தார்தான், ஆனால் ஒரு யுகம் முடிவதைக் காட்டவே திசையை மாற்றினார். காலண்டர்க்காரர்களுக்குத் திசையைப் பற்றிய கவலையே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நினைவகத்தை விட்டுவிட்டு, கடலின்மேல் நகரத்தின் நிழல் முடியும் விளிம்பை மட்டும் பிடிக்க முயன்றேன். உப்பு ஈரத்தில் தாள் காயாமல், அந்த விளிம்பு தானாகவே கசிந்து பரவியது. அழகாகவே இருந்ததால் தொடாமல் விட்டேன். தொலைவுப் படகை வரையவில்லை, தாளின் வெண்மையே படகாக நிற்கட்டும் என்று சிறிது இடம் ஒதுக்கியிருந்தேன். சுண்டல் வாளியோடு பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த வெள்ளைப் புள்ளியைச் சுட்டி, "இங்க மட்டும் கலர் அடிக்க மறந்துட்டீங்க சார்" என்றார்.